பாட்டன் எங்கே பிறந்தார்? பிரஜாவுரிமையும் நம் வீட்டுக் கடதாசிகளும்

(கிளிவெட்டியில் நடந்த குடும்பச் சந்திப்பில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமற்போன தோட்டத்து உறுப்பினர்களும் வாசித்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பேசியபடியே தருகிறோம்.)



ஹட்டனில் இரவு பஸ் ஏறி, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்து இன்று காலையில் கிளிவெட்டியில் இறங்கினோம். இறங்கியதும் தேத்தண்ணி ஊற்றித் தந்த அம்மா முதலில் கேட்டது, "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான். அவர் மலையை விட்டு வந்து நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே வயல் வேலை பார்த்து, இங்கேயே கலியாணம் கட்டியவர்கள். ஆனாலும் முதல் கேள்வி அதுதான். உங்களை எங்கள் உறவு என்று நினைத்துத்தான் நாங்களும் வந்திருக்கிறோம்.

கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற கடதாசிகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சிலர் சொப்பிங் பேக்கில் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிலர் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிலர் வெறுங்கையோடு வந்து, "ஓடும்போது எல்லாம் போய்விட்டது" என்கிறீர்கள். மூன்று பேருக்கும் இன்று சொல்ல விஷயம் இருக்கிறது.

பழைய பிறப்புச் சாட்சிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுங்கள். பெயர், பிறந்த இடம், தகப்பன், தாய் என்று வரிசையாக இருக்கும். இன்னும் கீழே பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று இன்னொரு கூடும் இருக்கிறது. நம்மில் பலருடைய பத்திரத்தில் அந்த இடங்களில் ஒரு கோடுதான் கிழித்திருக்கும்.

ஒரு பச்சைப் பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது அதன் பூட்டன் எங்கே பிறந்தான் என்று ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வி 1948 இல் தொடங்கியது.

1948: கேள்வி தொடங்கிய இடம்

1948 பெப்ரவரி 4 ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நிறைவேறிய 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 ஆம் திகதி அமுலுக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இங்கே பிறந்தோம், இங்கே உழைத்தோம் என்பது போதாது என்றது சட்டம்.

லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே இருக்கும்? கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும்தான் நம் முன்னோர்களின் பெயர் இருந்தது. நாட்டில் வேறு பலரிடமும் தகப்பனுடைய பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டார்கள்.

அந்தச் சட்டம் அமுலுக்கு வந்து 25 நாட்களில், 1948 டிசம்பர் 10 ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்று அதன் 15 ஆம் உறுப்புரை சொல்கிறது. உலகம் அப்படிச் சொன்ன நேரத்தில் நம் தாத்தாமார் நாடற்றவர் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மனுப் போட்டுப் பிரஜை ஆகலாம் என்றது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் கலியாணம் கட்டியவர் 7 வருசம், கட்டாதவர் 10 வருசம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மனைவி பிள்ளைகளும் இங்கே இருந்திருக்க வேண்டும். போதிய வருமானமும் காட்ட வேண்டும். தாய் செத்ததற்கு ஊருக்குப் போனவர், பிள்ளைப்பேற்றுக்கு மனைவியை ஊருக்கு அனுப்பியவர் எல்லாம் "தொடர்ந்து வாழ்ந்தேன்" என்று நிரூபிக்க நின்றார்கள். அதே 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947 பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகள் இருந்தார்கள். 1952 இல் ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் தொழிற்சங்கக்காரர்களாகிய நாங்கள் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் அநியாயமானது என்று அன்றைய இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் மனுப் போடுவதைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி எல்லோரையும் போடச் சொன்னபோது காலம் குறுகிவிட்டது. கடைசித் திகதி 1951 ஓகஸ்ட் 5. அந்தக் கடைசி மாதங்களில் அவசர அவசரமாக மனுக்கள் எழுதப்பட்டன. எதிர்த்தது பிழையல்ல. ஆனால் எதிர்த்துக்கொண்டே மனுவையும் போட்டிருக்கலாம். இன்றைக்கும் நமக்கு அது பாடம்.

மனுக்களில் அடங்கியவர்கள் சுமார் 8,25,000 பேர். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஆறில் ஒருவர்.

பங்கு போட்டார்கள்

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று நம் சனங்கள் பெயர் வைத்தது சும்மா அல்ல.

1970களின் பஞ்சம், தோட்டங்களை அரசு எடுத்த காலத்தின் குழப்பம், 1977 ஓகஸ்ட் கலவரம் என்று அடுத்தடுத்து அடி விழுந்தபோது பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் இறங்கின. உங்கள் கதையும் அதுதான். 1984 இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக் கப்பலுக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் எந்தக் கரையிலும் சேராமல் நின்றுவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அதுவும் தானாகத் திறக்கவில்லை. 1986 தைப்பொங்கலன்று தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே இந்தியாவுக்கு மனுப் போடாதவர்களில் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தர 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988 இல் 39 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் பலருக்குச் சத்தியக்கடதாசி மூலம் வழி விட்டது. 2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் எதிர்ப்பில்லாமல் 35 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் கடைசியில் நடந்த நடமாடும் சேவைகளில், தொழிற்சங்கத் தோழர்களும் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் உதவ, பத்து நாட்களில் சுமார் 1,90,000 பேர் தங்கள் பிரகடனத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

ஒரு அப்பாயியின் பாஸ்போர்ட்

இவ்வளவும் நடந்து இருபது வருசத்துக்கு மேல் ஆன பிறகு ஏன் கிளிவெட்டிக்கு வந்தீர்கள் என்று கேட்பீர்கள். ஒரு குடும்பத்தின் விஷயம்தான் எங்களை இங்கே கூட்டிவந்தது. பெயர் வேண்டாம் என்று சொன்னார்கள், நாங்களும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை. அடையாள அட்டை வேண்டும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழையாக இருந்தது. திருத்தப் போனால் தகப்பனுடைய பத்திரத்தைக் கேட்டார்கள். தகப்பனிடம் பிறப்புப் பத்திரமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. யுத்த காலம் முழுக்கக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாவடி தாண்டியவர். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். "அம்மா போக வேண்டாம் என்றா" என்றார்.

அந்த அம்மாவிடம், பிள்ளையின் அப்பாயியிடம், போய் உட்கார்ந்தோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பழைய சேலையில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். இந்தியப் பாஸ்போர்ட். கண்டியில் எடுத்தது. கப்பலுக்கு நாள் பார்த்திருக்கும்போது புருசன் இறந்தார். கலவரம் வந்தது, கப்பலும் நின்றது. மகனைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் வந்துவிட்டார். இது வெளியே தெரிந்தால் நம்மை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நாற்பது வருசம் ஒளித்து வைத்தார். மகனை அலுவலகப் பக்கம் விடவில்லை. ஒரு தேர்தலிலும் வாக்குப் போடவில்லை. நடுவில் ஒரு அலுவலகத்தில், "நீங்கள் எல்லாம் இந்தியாக்காரர்" என்று ஒருவர் சொன்னதும் பயம் இன்னும் கூடிவிட்டது.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த வாசலில் இருந்தே வாசித்துக் காட்டினோம். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து, அதன் பிறகும் இங்கேயே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர் பிரஜைகள். அவர்களின் வழிவந்து இங்கே வாழ்பவர்களும் பிரஜைகள். ஆகவே மகன் சட்டம் வந்த நாளிலிருந்தே இலங்கைப் பிரஜை, பேத்தியும் பிரஜை. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுப் போகாமல் இருந்தவர்கள் விசேட பிரகடனம் ஒன்றைச் செய்து பிரஜை ஆகலாம். அப்பாயி ஒளித்து வைத்த பாஸ்போர்ட் அவரைக் காட்டிக்கொடுக்கும் கடதாசி அல்ல. 1964 ஒப்பந்தத்தின் கீழ் கொடுத்த பாஸ்போர்ட் என்பதால், அவர் அன்று இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தகப்பனின் பிறப்புப் பதிவை அவர் பிறந்த தோட்டத்துப் பக்கப் பதிவேட்டில் தேடினோம். மூன்றாம் தடவை போனபோது கிடைத்தது. அவருக்கு அடையாள அட்டை வந்தது. பிள்ளை பரீட்சை எழுதினாள். அப்பாயியின் மனு போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பதில் வரும்வரை நாங்கள் விடமாட்டோம்.

இதிலிருந்து நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். பிரஜாவுரிமையைத் தந்தது சட்டம். கடதாசி அதற்குச் சாட்சி மட்டும்தான். சாட்சி தொலைந்தால் திரும்ப எடுக்கலாம். உரிமை தொலைந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குள் இருக்க வேண்டாம்.

நீங்கள் எந்த வகை?

முதலாவது, 1964 முதல் இங்கேயே இருந்து, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுக்காதவர்களும் அவர்களின் பிள்ளைகளும். நீங்கள் பிரஜைகள். சான்று கேட்டால் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுப் பிரகடனத்தைச் சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டுக் காட்டலாம். முந்திய சட்டங்களில் எடுத்த பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதுவும் போதும்.

இரண்டாவது, அப்பாயி போல இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துப் போகாதவர்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசேட பிரகடனம் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கிழிக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, யுத்தத்துக்குப் பயந்து தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள். அங்கே முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. தகப்பனோ தாயோ இலங்கைப் பிரஜை என்ற முறையில் பிள்ளையின் பிறப்பை இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். ஒரு வருசத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் வழி அடைபடவில்லை. காரணம் காட்டி மனுப் போடலாம். பிள்ளைக்குப் பதினைந்து வயது வந்து அடையாள அட்டை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிற நம் உறவுகள். 2009 இல் செய்த திருத்தம், யுத்தத்தால் இந்தியாவுக்குப் போக வேண்டி வந்தவர்களுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைக் கொடுக்கிறது. அங்கேயே இருக்க விரும்புவோரின் நிலை கடினம். இந்தியா 2019 இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து போனவர்களுக்கு மட்டும்தான். இலங்கையிலிருந்து போனவர்கள் அதில் இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் உள்ள இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது. உறவினர்களோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள். எந்த நாடு என்று அவர்கள் தெரிந்தெடுக்கட்டும். நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காத அந்தத் தெரிவு அவர்களுக்காவது கிடைக்கட்டும்.

கடதாசி இல்லாதவர்களுக்கு

கிளிவெட்டி மக்களுக்குக் கடதாசி தொலைவது என்றால் என்ன என்று நாங்கள் வந்து சொல்லத் தேவையில்லை. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓடிவந்த சனங்கள் வருசக்கணக்கில் இங்கே முகாமில் இருந்தார்கள். மலையகக் குடும்பம் என்றாலும் மூதூர்க் குடும்பம் என்றாலும், உடுத்த உடையோடு வந்தவரிடம் போய்ப் பத்திரம் கேட்டால் எங்கிருந்து வரும்?

ஆகவே எங்கே தேடலாம் என்று சொல்கிறோம். பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கணினியில் ஏற்றிய பதிவுகளை, பிறந்த இடம் நுவரெலியாவானாலும் பதுளையானாலும், வேறு ஊரிலிருந்தும் எடுக்கலாம். பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குத் தோட்டத்துச் செக்ரோல், பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவு, பெற்றோரின் விவாகப் பதிவு, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பழைய வாக்காளர் இடாப்புப் பிரதி எல்லாம் உதவும். தாய் தகப்பன் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் மறக்க வேண்டாம். தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டு எழுதி வையுங்கள்.

பெயர் மாறாட்டம் நம் பெரிய தலையிடி. வீட்டில் செல்லம்மா, செக்ரோலில் செல்லாயி, அடையாள அட்டையில் செல்லமா. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக்கடதாசி முடித்து, திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். சின்னப் பிழைதானே என்று விட்டால் ஊழியர் சேமலாப நிதி எடுக்கும் நாளில் அது பெரிய பிழையாகிவிடும்.

தோட்டத்தில் இருப்பவர்கள் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் மூலம் கொடுக்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் அதிபர் மூலமும், மற்றவர்கள் கிராம உத்தியோகத்தர் மூலமும் கொடுக்கலாம். யாரிடமும் மூலப் பத்திரத்தை விட்டுவிட்டு வராதீர்கள், பிரதியைக் கொடுங்கள். காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சீட்டுத் தராதவர் தரகர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளமும் நெருப்பும் ஒரே நாளில் இரண்டு ஊருக்கு வராது.

யாராவது "பதிவுப் பிரஜைதானே" என்றால்

வம்சாவளிப் பிரஜை பெரியவர், பதிவுப் பிரஜை சின்னவர் என்று இன்றும் சில மேசைகளில் பேச்சு உண்டு. அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரையை வாசித்துக் காட்டுங்கள். இலங்கைப் பிரஜை என்ற ஒரே அந்தஸ்துதான் உண்டு. வம்சாவளியால் வந்தாலும் பதிவால் வந்தாலும் எல்லாக் காரியங்களுக்கும் ஒருவர் "இலங்கைப் பிரஜை" என்றே குறிக்கப்பட வேண்டும். சத்தம் போடத் தேவையில்லை. அந்த உறுப்புரையை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு அமைதியாகக் காட்டினால் போதும்.

சங்கத்தின் கோரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் வடக்குக் கிழக்கு ஊர்களில் 2003 இல் போல நடமாடும் சேவைகளை மறுபடி நடத்த வேண்டும். சான்று தேடித் தரும் பாரத்தை மனுக்காரரின் தலையில் மட்டும் போடாமல், அரச பதிவேடுகளைத் திணைக்களமே தேட வேண்டும். படிவமும் பதிலும் தமிழில் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்ட முதியவர்களின் மனுக்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் காத்திருக்க இன்னும் நாற்பது வருசம் இல்லை.

உங்களிடம் நாங்கள் கேட்பதும் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் கடதாசி இல்லாத ஒருவர் இருந்தால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். தனியாகப் போனவரை நாளைக்கு வா என்பார்கள். நாலு பேர் போனால் உட்காரச் சொல்வார்கள். சங்கம் என்பதன் அர்த்தமும் அதுதான்.

கூட்டம் முடிந்ததும் அந்த மாமரத்தடியில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். டின்னோடு வந்தவர்கள் முதல் மேசைக்கு வாருங்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் இரண்டாவது மேசைக்கு வாருங்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், அங்கிருந்து தேடத் தொடங்குவோம்.